விருந்துக்கு அழைத்துக் கொன்ற பூதங்கள்

கந்தசஷ்டி ஆறாம் நாள் பின்னேரம். கோயில் வெளிவீதி முழுக்கச் சனம். சூரன் ஆடி ஆடி ஓடி வாறார். காவுறது எல்லாம் எங்கட ஊர்ப் பெடியள்தான். ஒருத்தன்ர சாரம் அவிழப் பாக்குது, இன்னொருத்தன்ர தோள்மூட்டு சிவந்து போச்சு. முதலில யானைமுகம், பிறகு சிங்கமுகம், பிறகு சூரன்ர சொந்த முகம், கடைசியில மாமரம். வேல் வந்து தொடத் தொட ஒவ்வொரு தலையாக் கழற்றி மாத்துவினம்.

எங்களில் ஒருத்தி சின்ன வயசில அம்மம்மாவிட்டக் கேட்டாளாம்: "சூரன் என்ன பிழை செய்தவர்?"

"தேவர்மாரைச் சிறை வைச்சவன் பிள்ளை."

"அதுக்கு முதல்?"

அம்மம்மாவுக்கு அதுக்கு முதல் நடந்தது வேண்டியிருக்கேல்லை. "பேசாமல் கச்சானைச் சாப்பிடு" எண்டு முடிச்சிட்டா.

அந்த "அதுக்கு முதல்?" என்ற கேள்வியை வைத்துக்கொண்டுதான் நாங்கள் கொஞ்ச நாளாகப் பல நாட்டுப் பூதக் கொலைக் கதைகளை வாசித்தோம். பூதம் எண்டு நாங்கள் இங்கே பொதுவாகத்தான் சொல்லுறம். அதற்குள் பாம்பு, அரக்கன், காட்டுக் காவலன், கடல், ஒற்றைக் கண்ணன் எல்லாம் அடக்கம். வீரன் ஒருவன் வாளோடு போவான், பூதம் எதிர்த்து நிற்கும், ஒரு பெரிய சண்டை நடக்கும் என்றுதான் நினைத்துப் போனோம். படங்களில் பார்த்தது அப்படித்தானே. ஆனால் மிகப் பழைய கதைகளுக்குள் போகப் போக வேறொரு விசயம் கண்ணில் படத் தொடங்கியது. பூதம் முக்கால்வாசி நேரம் சண்டையில் சாகவில்லை. விருந்தில் செத்தது. கலியாண வீட்டில் செத்தது. வெறியில் படுத்திருக்கும்போது செத்தது. யாரோ அதோடு உறவு கொண்டாடி, அது நம்பின பிறகு செத்தது.

முதல் கதை இன்றைய ஈராக் மண்ணுக்குரியது. கில்கமேஷ் என்ற பேரைக் கனபேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊருக் என்ற நகரத்தின் அரசன். அவனைப் பற்றிய பெருங்காவியம் பாபிலோனிய மொழியில் உருவாக முதல், சுமேரிய மொழியில் தனித்தனிக் கதைகளாகப் பாட்டுகள் இருந்தன. அதில் ஒன்று கில்கமேஷும் ஹூவாவாவும். சுமார் 3800 ஆண்டுகளுக்கு முன் நிப்பூர் நகரத்து மாணவர்கள் ஈரக் களிமண் பலகைகளில் எழுதிப் பழகிய பாடங்களில் இதுவும் இருந்தது. அதாவது அந்தக் காலத்து எழுத்தர் பயிற்சிப் பாடம்.

ஹூவாவா தேவதாரு மலையின் காவலன். கடவுள் என்லில் அங்கே இருத்தியவன். அவனைச் சுற்றி ஏழு பேரொளிகள் இருக்கின்றன. ஒரு வகைக் கவசம். அவற்றைத் தாண்டி ஒருவரும் கிட்டப் போக ஏலாது. கில்கமேஷ் ஏன் அங்கே போகிறான் என்பதுக்குக் கதை ஒரு காரணம் சொல்கிறது: நகரத்தில் சனம் செத்துக்கொண்டிருக்கிறது, ஆற்றில் பிணங்கள் மிதக்கின்றன, தானும் ஒருநாள் சாகத்தான் வேணும், அதுக்கு முதல் ஒரு பேர் எடுக்க வேணும். ஹூவாவா ஊருக் நகரத்துக்கு ஒரு தீங்கும் செய்ததாகக் கதையில் இல்லை. அவன் மலையில இருக்கிறான், அவ்வளவுதான்.

இனி நடப்பதைக் கவனியுங்கள். கில்கமேஷ் கிட்டப் போய், "உன்னோட உறவாக வந்திருக்கிறன், என்ர அக்காவை உனக்குப் பெண் தாறன்" என்ற மாதிரிக் கதைக்கிறான். பிறகு தங்கச்சியையும் தாறன் என்கிறான். பிறகு நல்ல மா, தோல் பையில குளிர்ந்த தண்ணி, பெரிய காலுக்கும் சின்னக் காலுக்கும் செருப்பு, நீலக் கல்லும் பளிங்கும். ஒவ்வொரு வாக்குறுதிக்கும் ஹூவாவா தன் பேரொளிகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுக்கிறான். கூட வந்த ஊருக் இளைஞர்கள் அதை மரம் தறிப்பது போலத் தறித்துக் கட்டுகிறார்கள். சீதனப் பேச்சு மாதிரி ஒவ்வொன்றாகப் பேசிப் பேசியே அவனை வெறும் ஆளாக்கிவிடுகிறார்கள். ஏழும் முடிந்ததும் கில்கமேஷ் முத்தமிடுவது போலக் கிட்டப் போய் முகத்தில் குத்துகிறான்.

இதில் ஒரு பகிடியும் இருக்கிறது. பெண் தருவதாகச் சொல்லப்பட்ட அந்த அக்காவின் பேர் என்மெபராகேசி. அது கீஷ் நகரத்து அரசன் ஒருவனின் பேர். ஆம்பிளை. அந்தக் காலத்துப் பிள்ளைகள் வகுப்பில் இந்த இடம் வர விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள் என்று சில ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். ஹூவாவாவுக்கு நகரத்து அரசர்களின் பேர் தெரியாது. காட்டான்தானே.

கட்டிப்போட்ட பிறகு அவன் அழுகிறான். தனக்குத் தாயும் தெரியாது, தகப்பனும் தெரியாது, மலைதான் பெற்றது என்கிறான். கில்கமேஷின் மனம் இளகுகிறது. விட்டுவிடுவோமா என்று யோசிக்கிறான். கூட்டாளி என்கிடுதான் விடக் கூடாது என்று சொல்லிக் கழுத்தை அறுக்கிறான். தலையைத் தோல் பையில் போட்டு என்லிலுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறார்கள். பாராட்டு வரும் என்று நினைத்திருப்பார்கள். என்லிலுக்கு வந்தது கோபம். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஏசுகிறார். அவனை உங்களுக்கு முன்னால் இருத்தி, நீங்கள் சாப்பிடும் அப்பத்தைக் கொடுத்து, நீங்கள் குடிக்கும் தண்ணியைக் கொடுத்திருக்க வேணும் என்பதுதான் அந்த ஏச்சின் சாரம். பொய்யாகச் சொன்ன விருந்தை மெய்யாகக் கொடுத்திருக்க வேண்டியதுதானே என்று கேட்கிறார் கடவுள். 3800 ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் இதைக் களிமண்ணில் கீறிக்கொண்டிருந்தான் என்பதை நினைக்க எங்களுக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

இந்தக் கதைக்கு அண்மையில் ஒரு தொடர்ச்சி கிடைத்தது. ஈராக்கின் குர்திஸ்தான் பகுதியில் உள்ள சுலைமானியா அருங்காட்சியகம் 2011இல் சில களிமண் பலகைகளை வாங்கியது. அதில் ஒன்று பாபிலோனியக் காவியத்தின் ஐந்தாம் பலகையின் ஒரு பகுதி. பாரூக் அல்-ராவி, அன்ட்ரூ ஜோர்ஜ் என்ற இரண்டு அறிஞர்கள் 2014இல் அதை வெளியிட்டார்கள். அதுவரை ஒருவருக்கும் தெரியாமல் இருந்த வரிகள் அதில் இருந்தன. குருவிகள் கத்த, சில்வண்டு இரைய, குரங்குகள் கூச்சல் போட, அந்தக் காடு முழுக்க ஒரு மேளக்கச்சேரி மாதிரி. அதெல்லாம் தினமும் ஹும்பாபாவுக்கு (பாபிலோனியத்தில் ஹூவாவாவின் பேர்) நடக்கும் இசை. பூதம் என்று நினைத்தவன் ஒரு அரசன் மாதிரிக் கச்சேரி கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். கொலை முடிந்து மரங்களையும் தறித்த பிறகு என்கிடு கூட்டாளியிடம் சொல்கிறான்: காட்டை வெறும் தரிசாக்கிப் போட்டமே, என்லிலுக்கு என்ன பதில் சொல்லுறது? இந்த என்கிடுவும் காட்டில் வளர்ந்தவன், ஹும்பாபாவைச் சின்ன வயதில் தெரிந்தவன். அவனைக் காட்டிக்கொடுத்தவனும் அவனே. பிறகு கடவுளர் கூடி முடிவெடுத்து என்கிடுவைச் சாகடிக்கிறார்கள்.

உள்ளே தெரிந்த ஒருத்தர் இல்லாமல் பூதத்தைக் கொல்ல முடிவதில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அடுத்தது எங்களை அதிகம் உலுப்பின கதை. இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில் ஹித்தைத்து மக்களின் தலைநகர் ஹத்துசா இருந்தது. 1906இல் தொடங்கிய அகழ்வில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் அங்கே கிடைத்தன. 1915இல் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி அந்த மொழியை வாசிக்க வழி கண்டுபிடித்தார். அந்தப் பலகைகளில் இல்லுயங்கா என்ற பாம்பின் கதை இரண்டு விதமாக எழுதியிருக்கிறது. புருல்லி என்ற வசந்தகாலத் திருவிழாவில் சொல்லப்படும் கதை. நெரிக் நகரத்துப் பூசாரி ஒருவர் சொன்னதாகப் பலகையே குறிப்பிடுகிறது. எங்கட கோயில் புராணப் படிப்பு மாதிரி எண்டு வையுங்கோவன்.

முதல் விதம்: பாம்பு புயற்கடவுளைத் தோற்கடித்துவிட்டது. கடவுளின் பக்கம் நிற்கும் இனாரா என்ற தேவி ஒரு பெரிய விருந்து வைக்கிறாள். சாடி சாடியாகக் குடிவகை. ஹுபாசியா என்ற சாதாரண மனிதன் ஒருவனின் உதவியைக் கேட்கிறாள். தன்னோடு படுத்தால் உதவுவேன் என்று அவன் விலை பேசுகிறான். பாம்பு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புற்றுக்கு வெளியே வருகிறது. கவனியுங்கள், பிள்ளைகளோடு. தின்று குடித்து ஊதிப்போய்த் திரும்பப் புற்றுக்குள் நுழைய முடியாமல் நிற்கிறது. ஹுபாசியா கயிற்றால் கட்ட, கடவுள் வந்து கொல்கிறார். பிறகு இனாரா ஒரு பாறையில் வீடு கட்டி ஹுபாசியாவை இருத்தி, யன்னலால எட்டிப் பார்க்காதே, பார்த்தால் உன் பெண்சாதி பிள்ளைகளைக் காண்பாய் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். இருபது நாள் பொறுத்திருக்கிறான். பிறகு யன்னலைத் திறக்கிறான். வீட்டை விடு, போகப் போறன் என்று அழுகிறான். அந்த இடத்தில் பலகை உடைந்து கிடக்கிறது.

இரண்டாவது விதம் இன்னும் மோசம். இதில் பாம்பு கடவுளைத் தோற்கடித்து அவரின் இதயத்தையும் கண்களையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறது. கடவுள் ஒரு ஏழையின் மகளைக் கலியாணம் செய்து ஒரு ஆண்பிள்ளையைப் பெறுகிறார். அந்தப் பிள்ளை வளர்ந்து பாம்பின் மகளைக் கட்டுகிறான். பொண்ணு வீட்டுக்குப் போகேக்க, அப்பாவின் இதயத்தையும் கண்ணையும் கேள் என்று தகப்பன் சொல்லி அனுப்புகிறார். அவன் கேட்கிறான். அவர்களும் கொடுத்துவிடுகிறார்கள். மருமகன் கேட்டால் கொடுக்கிறதுதானே. தகப்பன் பழையபடி முழு உடம்போடு கடலுக்குப் போய்ப் பாம்போடு சண்டை பிடிக்கிறார். வெல்லப் போகும் நேரம் மகன் பாம்பின் பக்கத்தில் நிற்கிறான். வானத்தைப் பார்த்துத் தகப்பனிடம் கத்துகிறான்: என்னையும் சேர்த்துக் கொல்லுங்கோ, எனக்கு இரக்கம் பாக்காதேங்கோ. கடவுள் பாம்பையும் கொன்றார், தன் மகனையும் கொன்றார்.

ஏன் அப்படிக் கத்தினான்? பலகை விளக்கவில்லை. ஹித்தைத்துச் சமூகத்தில் பெண் வீட்டுக்குப் போய் இருக்கும் மாப்பிள்ளைக்கு ஒரு தனிச் சொல்லே இருந்தது. அப்படிப் போனவன் சட்டப்படியும் மாமனார் குடும்பத்துக்குரியவன். ஆகவே தகப்பனின் சொல் கேட்டு அவன் செய்தது தன் சொந்த வீட்டுக்குச் செய்த துரோகம் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். வீட்டோட மாப்பிளை என்றால் என்ன எண்டு எங்களுக்கு ஒருத்தரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்து, வந்த மருமகனை மகன் மாதிரி வைத்திருக்கிற ஊர்களில்தான் வளர்ந்தோம். மாமி சோறு போட்டிருப்பா. அந்தச் சோத்தைத் திண்டவன் அந்தப் பக்கம்தானே நிப்பான். பெண்ணைப் பற்றி, அந்தப் பாம்பின் மகளைப் பற்றி, கதை அதற்குப் பிறகு ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்களுக்கு அவளைப் பற்றித்தான் அறிய விருப்பம்.

கல்வேர்ட் வொட்கின்ஸ் என்ற மொழியியலாளர் 1995இல் 'ஒரு டிராகனைக் கொல்வது எப்படி' என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு பெரிய புத்தகம் எழுதினார். சமையல் குறிப்புப் புத்தகம் மாதிரித் தலைப்பு. உள்ளே அத்தனையும் இலக்கணம். "பாம்பைக் கொன்றான்" என்ற வசனம் வேத மொழியிலும் கிரேக்கத்திலும் ஹித்தைத்திலும் பழைய ஜெர்மானிய மொழிகளிலும் ஒரே வினைவேரின் கிளைகளால் சொல்லப்படுகிறது, ஆகவே அந்த வசனத்துக்கும் ஒரு பொது மூதாதை இருந்தது என்பது அவர் வாதம். வாதம் கெட்டியானது. ஆனால் இந்தோ-ஐரோப்பிய வட்டத்துக்கு வெளியே, சுமேரியாவிலும் ஜப்பானிலும், இதே விருந்தும் இதே ஏமாற்றும் வருகிறதே, அதை இந்த இலக்கணம் விளக்காது.

ஜப்பான் கதை கி.பி. 712இல் எழுதப்பட்ட கொஜிகி என்ற நூலில் இருக்கிறது. சுசனோ என்ற கடவுள் வானுலகிலிருந்து துரத்தப்பட்டு இசுமோ நாட்டில் ஆற்றங்கரையில் இறங்குகிறார். கிழவனும் கிழவியும் நடுவில் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு அழுகிறார்கள். எட்டுத் தலை, எட்டு வால் உள்ள பாம்பு ஒவ்வொரு வருசமும் வந்து ஒரு மகளைத் தின்றுவிட்டது. கடைசி மகள் இவள். பெண்ணை எனக்குத் தாறியளோ என்று சுசனோ கேட்கிறார். பிறகு வேலி அடைத்து எட்டு வாசல் வைத்து, ஒவ்வொரு வாசலிலும் ஒரு சாடி கடும் மது. பாம்பு எட்டுத் தலையையும் எட்டுச் சாடிக்குள் விட்டுக் குடித்துப் படுக்கிறது. துண்டு துண்டாக வெட்டுகிறார். வாலை வெட்டும்போது வாள் முறிகிறது. உள்ளே ஒரு வாள் இருக்கிறது. அந்த வாள்தான் ஜப்பானிய அரசுரிமையின் மூன்று சின்னங்களில் ஒன்று என்பது மரபு. 2019 மே மாதம் நருஹித்தோ பேரரசராகப் பதவியேற்றபோதும் அதன் பிரதிநிதியாக ஒரு வாள் துணி சுற்றிக் கொண்டுவரப்பட்டது. செத்த பாம்பின் வாலிலிருந்து எடுத்த சாமானில் ஒரு அரசாட்சி நிற்கிறது. இசுமோ பகுதி பழங்காலத்தில் இரும்பு மணல் உருக்கியதற்குப் பேர்போனது. பாம்பு என்பது பெருக்கெடுக்கும் ஆறு என்றும், இரும்பு செய்த மக்களின் நினைவு என்றும் விதம்விதமாக விளக்குகிறார்கள்.

இந்த இடத்தில் பாம்புக்காக நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. ஏழு பிள்ளைகளைத் தின்ற பாம்பு அது. ஹூவாவாவும் அதுவும் ஒன்றில்லை. கேள்வி கேட்பதென்றால் ஒவ்வொரு கதைக்கும் தனித்தனியாகத்தான் கேட்க வேணும்.

இந்திரனின் கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். இருக்கு வேதத்தில் விருத்திரன் தண்ணீரை அடைத்து வைத்திருக்கும் பாம்பு. இந்திரன் வச்சிராயுதத்தால் பிளக்க ஆறுகள் ஓடுகின்றன. நேர்ச் சண்டை. ஆனால் அதே பாடலின் கடைசிப் பக்கம், கொன்ற பிறகு இந்திரன் பயந்து தொண்ணூற்றொன்பது ஆறுகளைக் கடந்து ஓடியதாகச் சொல்கிறது. வென்றவன் ஏன் ஓடுகிறான்? மகாபாரதத்தின் உத்தியோக பருவத்துக்கு வரும்போது காரணம் வந்துவிடுகிறது. அங்கே இந்திரனும் விருத்திரனும் நட்பு ஒப்பந்தம் செய்கிறார்கள்: ஈரமானதால் இல்லை, காய்ந்ததால் இல்லை, பகலில் இல்லை, இரவில் இல்லை. ஒப்பந்தத்தில் ஓட்டை தேடி, மைம்மல் பொழுதில் கடல் நுரையால் கொல்கிறான். பிறகு பொய்யும் கொலையும் செய்த பாரம் தாங்காமல் தண்ணீருக்குள், ஒரு தாமரைத் தண்டுக்குள் போய் ஒளிந்துகொள்கிறான். சொர்க்கத்தின் அரசன், தாமரைத் தண்டுக்குள்.

ஒளிந்துகொள்ளத் தேவையில்லாத வெற்றியாளரும் உண்டு. பாபிலோனின் மர்துக் அப்படிப்பட்டவர். ஆதிக் கடலான தியாமத்தை வெளிப்படையாகப் போரில் கொன்று, கருவாட்டுக்கு மீனைப் பிளப்பது போல இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை வானமாக்குகிறார். (கருவாடு எங்கள் சரக்கில்லை, உவமை அந்தப் பலகையிலேயே இருக்கிறது.) அக்கீத்து எனும் புதுவருசத் திருவிழாவின் நான்காம் நாள் இந்தக் கதை கோயிலில் ஓதப்பட்டது. அசீரிய அரசன் செனகெரிப் கி.மு. 689இல் பாபிலோனை அழித்தான். அசீரியர்களிடம் இதே கதையின் ஒரு வடிவம் இருந்தது. அதில் மர்துக்கின் பேர் இருந்த இடங்களில் அசூர் கடவுளின் பேர். நகரத்தையும் எடுத்து, பூதத்தைக் கொன்ற பெருமையையும் எடுத்துவிட்டார்கள். தியாமத் மட்டும் மாறவில்லை. ஆர் வென்றாலும் அவளைத்தான் வெட்டுகிறார்கள்.

இனி வீட்டுக்குக் கிட்ட வருவம். மகாவம்சத்தின் ஏழாம் அதிகாரம். விஜயன் கப்பலில் வந்து இறங்குகிறான். இயக்கப் பெண் குவேனி அவனோடு சேர்கிறாள். அன்றிரவு தூரத்தில் மேளச் சத்தம் கேட்கிறது. அது என்ன என்று கேட்கிறான். சிறீசவத்து என்ற இயக்கர் நகரத்தில் கலியாணம், ஏழு நாள் கொண்டாட்டம் என்கிறாள் அவள். எல்லாரும் ஒரே இடத்தில் கூடியிருக்கிறார்கள், இன்றைக்கே செய்யாவிட்டால் பிறகு முடியாது என்கிறாள். இயக்கர் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். நான் குரல் கொடுக்கும் பக்கம் வெட்டு என்கிறாள். அவன் வெட்டுகிறான். கலியாண வீடு முடிகிறது. இயக்கர் அரசனின் உடுப்பை எடுத்து விஜயன் உடுத்திக்கொள்கிறான்.

பிறகு அரசனாக முடிசூட அரச குலப் பெண் வேணும் என்று மதுரைப் பாண்டியனின் மகளைக் கேட்டு அனுப்புகிறார்கள். அவள் வரும்போது, பிள்ளைகள் இரண்டையும் விட்டுவிட்டு நீ போ என்று குவேனிக்குச் சொல்லப்படுகிறது. அவள் பிள்ளைகளோடு தன் பழைய சனத்தின் ஊருக்குப் போகிறாள். வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று அங்கே ஒரு இயக்கன் ஒரே அடியில் அவளைக் கொல்கிறான். தாய்மாமன் எச்சரிக்க, பிள்ளைகள் சிவனொளிபாத மலைப் பக்கம் ஓடிப்போகிறார்கள். அவர்களிலிருந்துதான் புளிந்தர் வந்தார்கள் என்று நூல் சொல்கிறது. இந்தப் பேரை வேடர்களோடு இணைத்து வாசிப்பதே வழக்கம். பூதங்களைக் கொன்ற கதையைத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்கள்? பூதத்தின் பேரப்பிள்ளைகள் எப்படி மனிதராக, காட்டில் வாழும் ஒரு சனமாக முடிந்தார்கள்? நூலை எழுதிய பிக்குவுக்கு இது இடறவில்லை. எங்களுக்கு இடறுகிறது. என்கிடு, பாம்பு வீட்டு மாப்பிள்ளை, குவேனி மூன்று பேரையும் ஒரு வரிசையில் வைத்துப் பாருங்கள். நடுவில் நின்றவர் எல்லாரும் செத்தார்கள். குவேனியைப் பாவம் என்று சொல்வதா துரோகி என்று சொல்வதா எண்டு எங்களுக்குள்ள ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை. முடிவு வரேல்லை.

பூதம் என்று எழுதப்பட்டவன் பிறகு பாட்டனாகிற கதையும் இந்தத் தீவில் உண்டு. இராவணனைத் தமிழரின் அரசன் என்று நாங்கள் நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்; புலவர் குழந்தை 1946இல் அவனை நாயகனாக்கிக் காவியமே எழுதினார். இப்போது சிங்களப் பக்கமும் அவனைத் தங்கள் அரசன் என்கிறது. 2019இல் இலங்கைப் பொறியியலாளர் இருவர் ஜப்பானில் உருவாக்கிய சின்னச் செய்மதிக்கு 'ராவணா 1' என்று பேர். ஒருத்தருக்கும் வேண்டாத அரக்கனாக இருந்தவனுக்கு இப்ப இரண்டு பக்கமும் உரிமைப் போட்டி. குவேனிக்கு அப்படி ஒரு போட்டியும் இல்லை.

ஐரோப்பாவில் விருந்து வேறு மாதிரித் திரும்புகிறது. பியோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியம், 3182 வரிகள், ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. 1731இல் லண்டனில் அது இருந்த வீடு எரிந்தபோது ஓரங்கள் கருகித் தப்பியது. அதில் டேனிய அரசன் ஒரு பெரிய மண்டபம் கட்டி இரவிரவாக விருந்து வைக்கிறான். வெளியே சதுப்பில் கிரென்டல் என்ற பூதம் அந்தப் பாட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறது. கேட்கக் கேட்க அதற்குத் தாங்க முடியவில்லை. அதன் பிறகுதான் மண்டபத்துக்குள் புகுந்து ஆட்களைத் தின்னத் தொடங்குகிறது, 12 வருசம். இங்கே பூதம் விருந்துக்கு அழைக்கப்படாத ஆள். பியோவுல்ஃப் அதன் கையைப் பிய்த்தெடுக்கிறான். கையை மண்டபத்தில் தூக்கி வைத்துத் திரும்பவும் விருந்து. அன்றிரவு கிரென்டலின் தாய் வருகிறாள். மகனின் கையை எடுத்துக்கொண்டு, ஒரேயொரு ஆளைக் கொன்றுவிட்டுப் போகிறாள். ஒரு உயிருக்கு ஒரு உயிர். அந்தக் காலத்து மனிதரின் பழிவாங்கும் கணக்கும் அதுதான். அவளுக்குக் காவியத்தில் பேர்கூட இல்லை, கிரென்டலின் தாய் என்று மட்டும்தான். 1936இல் டோல்கீன் ஒரு புகழ்பெற்ற உரையில், இந்தக் காவியத்தில் பூதங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு வரலாறு தேடுகிறவர்களைக் கண்டித்தார். பூதங்கள்தான் நடு விசயம் என்றார். கிரென்டலையும் கிழட்டு டிராகனையும் பற்றி நிறையப் பேசினார். தாயைப் பற்றிக் குறைவு.

புனித ஜோர்ஜ் கதையும் ஒருக்கா. 13ஆம் நூற்றாண்டின் 'பொன் மரபு' என்ற புனிதர் கதைத் தொகுப்பில், ஜோர்ஜ் டிராகனைக் காயப்படுத்திய பிறகு அரசகுமாரியிடம் உன் இடுப்புப் பட்டியை அதன் கழுத்தில் போடு என்கிறார். அது வளர்த்த நாய் மாதிரி அவளுக்குப் பின்னால் நகரத்துக்குள் வருகிறது. சனம் பயந்து ஓடுகிறது. நீங்கள் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றால் இதைக் கொல்கிறேன் என்கிறார். பெற்றார்கள், கொன்றார். அடங்கி நின்ற ஒன்றைக் கொல்ல ஒரு பேரம். ஓவியங்களில் இந்த நாய்க்குட்டிக் கட்டத்தை அரிதாகத்தான் காண்கிறோம், குதிரையும் ஈட்டியும்தான்.

டிராகன் என்ற எண்ணமே பழைய எலும்புகளைப் பார்த்து வந்ததென்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒஸ்திரியாவின் கிளாகன்பேர்ட் நகரத்தில் 14ஆம் நூற்றாண்டில் கிடைத்த ஒரு பெரிய மண்டையோட்டை டிராகனுடையது என்று வைத்திருந்து, அதைப் பார்த்தே 1590 அளவில் நகரச் சதுக்கத்து டிராகன் சிலையைச் செய்தார்கள். மண்டையோடு பனிக்காலத்துக் கம்பளிக் காண்டாமிருகத்துடையது. சுவையான விசயம்தான். ஆனால் எலும்பு பூதத்தின் உடம்பை விளக்கலாம், அதற்கு வைத்த விருந்தை விளக்காது.

எங்கட சூரனுக்கு வருவம். கந்தபுராணத்தில் விருந்தும் இல்லை, பெண் தருகிறேன் என்ற பொய்யும் இல்லை. போருக்கு முதல் வீரவாகு தூது போகிறார், கேட்கவேண்டியதை நேரே கேட்கிறார். கடைசியில் மாமரமாக நின்ற சூரன் வேலால் பிளக்கப்பட்டு மயிலாகவும் சேவலாகவும் மாறுகிறான். மயில் வாகனம், சேவல் கொடி. கொன்று தலையைப் பையில் போட்டுக்கொண்டு போகவில்லை, கூட வைத்துக்கொண்டார்கள். இது தோற்றவனுக்குக் கிடைத்த மரியாதையா, இல்லை காலம் முழுக்கச் சுமக்க வைத்ததா என்று எங்களில் இரண்டு கட்சி.

ஜப்பானில் பழைய இசுமோவுக்குப் பக்கத்து இவாமியில் இப்போதும் அந்த எட்டுத்தலைப் பாம்பை மூங்கிலாலும் கடதாசியாலும் செய்து, உள்ளே ஊர் ஆட்கள் நின்று ஆட்டுகிறார்கள். கூத்துப் பார்க்க வாற சனத்துக்குச் சுசனோவை விடப் பாம்பைத்தான் பிடிக்கும் போலிருக்கு. இங்கேயும் அப்படித்தான். முருகனைக் காவ ஆள் தேட வேண்டியிருந்தாலும், சூரனைக் காவப் பெடியள் சண்டை பிடிப்பாங்கள்.

சூரன் போர் முடிந்த அடுத்த நாள் காலை கோயிலுக்குப் போயிருந்தோம். திருக்கல்யாணத்துக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாகனசாலைக் கதவு திறந்து கிடந்தது. யானைமுகமும் சிங்கமுகமும் சூரன்ர முகமும் ஒரு பழைய வேட்டியில் சுற்றின மாதிரி மூலையில் இருந்தன. சூரன்ர மீசையில கொஞ்சம் பெயின்ற் கழண்டிருந்தது. அடுத்த வருசத்துக்கு முதல் பூசிவிட வேணும் எண்டு ஐயா ஒருத்தர் சொல்லிக்கொண்டு நிண்டார்.